குழந்தை பேசும் தமிழே முதல் வரைவு

அயலகத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,



நியூ ஜெர்சி, டாலஸ், டொராண்டோ, லண்டன், சிட்னி என்று நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் சனி, ஞாயிறு எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரியும். வாடகைக்குப் பிடித்த பள்ளி வகுப்பறை, இல்லாவிட்டால் கோயில் மண்டபத்தில் ஓர் ஓரம். முந்தின நாள் இரவு அச்செடுத்த பயிற்சித்தாள்கள். வாரம் முழுக்க அலுவலகத்தில் உழைத்துவிட்டு, மிஞ்சும் ஓய்வையும் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள். பெரும்பாலும் சம்பளம் கிடையாது. நானும் அந்த வகுப்பறைகளில் நிற்கும் ஒருவர் என்ற உரிமையில், இந்தக் கல்வியாண்டு தொடங்கும் வேளையில் ஒரே ஒரு பொருள் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன்: பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது.

நம் பிள்ளைகள் நோட்டு நோட்டாக எழுதத்தான் செய்கிறார்கள். கட்டம் போட்ட தாளில் உயிர்மெய் வரிசை எழுதுகிறார்கள். பாடத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்புகிறார்கள், பொருத்துகிறார்கள், சொல்வதைக் கேட்டு எழுதுகிறார்கள். ஆண்டுத் தேர்வுக்குப் 'பொங்கல்', 'எனக்குப் பிடித்த தலைவர்' என்று கட்டுரைகளை மனப்பாடம் செய்து, தாளில் அப்படியே இறக்கி வைக்கிறார்கள். ஆனால் ஐந்தாறு ஆண்டு படித்த அதே பிள்ளையிடம், "போன வாரம் என்ன செய்தாய்? ஐந்து வரி எழுது" என்றால் பென்சில் நகர்வதில்லை. பிறர் வாக்கியத்தைப் படியெடுத்துப் பழகிய கைக்குத் தன் மனத்தில் இருப்பதை எழுதிப் பழக்கமே இல்லை.

இதற்குப் பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டில் தமிழ் பேசுவதில்லை என்று பெற்றோரைச் சொல்லியும் பயனில்லை. நாம் எழுத்தைக் கற்பிக்கும் முறைதான் மாற வேண்டும். அது நம் கையில் இருக்கிறது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். வாரத்துக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி, ஆண்டுக்கு 30 வாரம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 45 முதல் 60 மணி நேரம். எட்டாண்டு விடாமல் வந்தாலும் 480 மணியைத் தாண்டாது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசும் ஒருவர் அலுவல் பார்க்கும் அளவுக்குத் தமிழ் கற்க 44 வாரம், சுமார் 1,100 வகுப்பு மணி நேரம் ஆகும் என்று கணக்கு வைத்திருக்கிறது. நமக்குக் கிடைப்பது அதில் பாதியும் இல்லை. இந்த நேரத்தில் ஒரு பகுதியை ஏற்கெனவே தெரிந்த எழுத்தைத் திரும்பத் திரும்ப எழுத வைப்பதில் செலவழிக்க நமக்கு வசதியில்லை.

ஆனால் வெளியுறவுத் துறை அதிகாரியிடம் இல்லாத ஒன்று நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அவர்கள் காதில் தமிழ் இருக்கிறது. பாட்டி தொலைபேசியில் சொல்வது புரிகிறது, பதில்தான் ஆங்கிலத்தில் வருகிறது. "கைய கழுவிட்டு வா" என்றால் எழுந்து போகிறார்கள். இப்படி வீட்டில் கேட்டு வளர்ந்த மொழியைப் பிறகு வகுப்பில் படிப்பவர்களை மரபுமொழி மாணவர்கள் என்று கல்வியாளர்கள் தனி வகையாகவே வைக்கிறார்கள். முழுக்க அயல்மொழியாகத் தொடங்கும் மாணவருக்கு வகுத்த பாடமும் இவர்களுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ தாய்மொழிச் சூழலில் வளரும் பிள்ளைக்கு வகுத்த பாடமும் பொருந்தாது.

இவர்களுக்கு எழுத்தில் வரும் பெரிய தடை, காதில் இருக்கும் தமிழும் பாடநூலில் இருக்கும் தமிழும் வேறு வேறாக இருப்பதுதான். 1959-இல் சார்லஸ் ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் இத்தகைய இரட்டை வழக்கைப் பற்றி எழுதியபோது அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டி நாட்டின் கிரியோல் ஆகியவற்றை எடுத்துக்காட்டினார். தமிழும் அந்த வரிசையில் நிற்கும் மொழிதான். தமிழ்நாட்டுப் பிள்ளை பேருந்துப் பலகையிலும் செய்தியிலும் சுவரொட்டியிலும் எழுத்து வழக்கைத் தினமும் பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் போய்வர அதற்குத் தானாகவே பழகிவிடுகிறது. நம் பிள்ளைக்கு எழுத்து வழக்கு அறிமுகமாகும் ஒரே இடம் நம் வகுப்பறை. அங்கே நாம் அதன் பேச்சை 'கொச்சை' என்று ஒதுக்கினால், கையில் இருக்கும் ஒரே மூலதனத்தையும் பிடுங்கிவிடுகிறோம்.

இரண்டாம் மொழியில் எழுதக் கற்பிப்பது பற்றி உலகம் கடந்த எழுபது ஆண்டுகளாக யோசித்திருக்கிறது. அந்த யோசனைகளில் மூன்றை நாம் தெரிந்துகொள்வது நல்லது. நம் வகுப்பில் இப்போது நடப்பது ஏன் நடக்கிறது என்பதும் அதில் தெரியும்.

முதலாவது, கட்டுப்பாட்டு எழுத்து. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், மொழி என்பது பழக்கம், சரியானதைத் திரும்பத் திரும்பச் செய்தால் அது படிந்துவிடும் என்ற கொள்கை ஓங்கியிருந்தது. பேச்சுதான் முதன்மை, எழுத்து அதற்குத் துணைப் பயிற்சி. ஒரு பத்தியைக் கொடுத்து, இறந்தகாலத்துக்கு மாற்று, ஒருமையைப் பன்மையாக்கு, சொல்லை மாற்றிப் போடு என்று எழுதச் சொல்வார்கள். பிழையே வரவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் நோக்கம். நம் பயிற்சித்தாள்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவை. தொடக்க நிலையில் இவற்றுக்குப் பயன் உண்டு, மறுக்கவில்லை. 'நான் போனேன், அவன் போனான், அவள் போனாள்' என்ற விகுதி மாற்றம் கையில் படிய இதுபோன்ற பயிற்சி வேண்டும். ஆனால் எதைச் சொல்வது என்று முடிவெடுக்கும் வேலை இதில் பிள்ளைக்கு வருவதே இல்லை. எழுதுவதில் பாதி அந்த முடிவுதான்.

இரண்டாவது, எழுதும் போக்கைக் கவனிக்கும் முறை. 1971-இல் ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதச் சொல்லி ஆராய்ந்தார். எழுதுவது நேர்கோட்டில் போகும் வேலை அல்ல, முன்னும் பின்னும் போய்வருகிற வேலை என்று அதில் தெரிந்தது. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற மாணவர் 6 பேரை ஆராய்ந்து விவியன் ஜாமல் 1983-இல் எழுதிய கட்டுரை, இரண்டாம் மொழியிலும் அப்படித்தான் என்று காட்டியது. தேர்ந்தவர்கள் முதலில் கருத்தை ஓடவிட்டுப் பிறகு மொழியைத் திருத்தினார்கள். தேர்ச்சி குறைந்தவரோ தொடக்கத்திலிருந்தே சிறுசிறு இடங்களில் தட்டி நின்றுகொண்டிருந்தார். யோசி, வரைவு எழுது, படித்துக் காட்டு, திருத்து, மறுபடி எழுது என்ற ஒழுங்கு வகுப்பறைக்குள் வந்தது இதுபோன்ற ஆராய்ச்சிகளால்தான்.

மூன்றாவது, எழுத்து வகையை மையமாக வைக்கும் முறை. 1980-களில் சிட்னியில், வசதி குறைந்த பகுதிகளின் பள்ளிகளில் ஜிம் மார்ட்டின், ஜோன் ரோதரி போன்றோர் இதை வளர்த்தெடுத்தார்கள். அந்தப் பள்ளிகளில் புலம்பெயர்ந்தோர் பிள்ளைகளும் படித்தார்கள். 'உன் மனத்தில் தோன்றுவதை எழுது' என்று விட்டுவிட்டால், வீட்டில் புத்தகம் புழங்கும் பிள்ளைக்கு மட்டுமே அது கைகொடுக்கும், மற்றவர்களுக்கு எழுத்தின் அமைப்பை வெளிப்படையாகச் சொல்லித்தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். செய்முறைக்கு ஓர் அமைப்பு, கதைக்கு ஒன்று, விளக்கத்துக்கு ஒன்று, வாதத்துக்கு ஒன்று. முதலில் ஒரு மாதிரியைப் பிரித்துப் பார்ப்பது, அடுத்து ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து எழுதுவது, கடைசியில் தனியே எழுதுவது என்று மூன்று படி வைத்தார்கள்.

இந்த மூன்றில் எது சரி என்று கட்சி பிரிய நமக்கு நேரமில்லை. நம் வகுப்புக்கு மூன்றும் வேண்டும், வரிசைதான் முக்கியம். பேச்சில் தொடங்கி, மாதிரியைப் பார்த்து, சேர்ந்து எழுதி, தனியே வரைவு எழுதி, திருத்தி முடிக்க வேண்டும். விகுதிப் பயிற்சியும் நிரப்புதலும் அந்த வேலைக்கு எங்கே தேவையோ அங்கே வரட்டும். எப்படி என்று ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன்.

ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று, எதையும் பார்க்காமல், தனக்கு நடந்ததை இப்படி எழுதுகிறது என்று வையுங்கள்:

"நேத்து நாங்க ஸ்னோல விளையாடினோம். என் தம்பி விழுந்துட்டான். அவன் அழுதான். அப்புறம் அம்மா ஹாட் சாக்லேட் குடுத்தாங்க. நல்லா இருந்துச்சு."

சிவப்புப் பேனாவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். இதில் வரிசை இருக்கிறது, காரண காரியம் இருக்கிறது, முடிவும் இருக்கிறது. எழுவாயும் பயனிலையும் ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை: நாங்க என்றதும் விளையாடினோம், தம்பி என்றதும் விழுந்துட்டான், அம்மாவுக்கு மரியாதையோடு குடுத்தாங்க. இந்த இலக்கணத்தை யாரும் வகுப்பில் சொல்லித்தரவில்லை, வீடு தந்தது. சொற்களில் பல எழுத்து வழக்கிலும் அப்படியே நிற்கும். டொராண்டோவில் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளை எழுதினால் அதே இடத்தில் 'அம்மா தந்தவ' என்று வரும். அதுவும் இதே போல நல்ல தொடக்கம்தான்.

இனி நாம் செய்ய வேண்டிய முதல் வேலை, கேள்வி கேட்பது. "தம்பி எப்படி விழுந்தான்? நீ அப்போது என்ன செய்தாய்? அழுகை எப்போது நின்றது?" பிள்ளை வாயால் சொல்லும் பதில்களில் இரண்டைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். எழுத்தின் உள்ளடக்கம் இங்கேதான் வளர்கிறது. பிழை திருத்துவதில் தொடங்கினால் இந்தப் பேச்சு நடக்காமலே போய்விடும்.

இரண்டாவது வேலை, பேச்சிலிருந்து எழுத்துக்கு மாற்றுவது. இதற்கு விதிகள் இருக்கின்றன, நூற்றுக்கணக்கில் இல்லை. நேத்து நேற்று ஆவது போலக் காத்து காற்று ஆகும், கத்துக்கிட்டான் கற்றுக்கொண்டான் ஆகும். நாங்க, நீங்க, அவங்க மூன்றும் '-கள்' பெறும். ஸ்கூல்ல, வீட்ல என்பவை பள்ளியில், வீட்டில் ஆகும். விழுந்துட்டான், சாப்ட்டுட்டான் என்பவற்றில் மறைந்திருக்கும் 'விட்டான்' வெளியே வரும். இருந்துச்சு, வந்துச்சு இரண்டும் இருந்தது, வந்தது ஆகும். இப்படிப் பத்துப் பன்னிரண்டு மாற்றங்களை ஒரு பெரிய தாளில் எழுதி வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள். இடப்பக்கம் 'பேசும்போது', வலப்பக்கம் 'எழுதும்போது'. இடப்பக்கத்துக்குப் 'பிழை' என்று பெயர் வைக்காதீர்கள். பிள்ளை தன் வரைவை எடுத்து, அந்தத் தாளைப் பார்த்துத் தானே மாற்றட்டும். நாம் மாற்றிக் கொடுத்தால் மறுபடியும் படியெடுக்கும் வேலைதான் நடக்கும்.

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று, பள்ளிப் பாடமும்கூட. அங்கேயே 2005-இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் இடம் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசின் முழு ஆதரவு உள்ள இடத்திலேயே அது தேவைப்பட்டது என்றால், வாரம் இரண்டு மணி நேரத்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டியதில்லை.

சேர்ந்து எழுதுவதற்கு வருகிறேன். நம் பள்ளிகளில் ஏறக்குறைய நடக்காமலே இருக்கும் படி இது, ஆனால் பயன் அதிகம் தருவதும் இதுதான். தோசை சுடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சமையல் குறிப்பை வகுப்பில் படித்து, "இதில் என்னென்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். தேவையான பொருள்கள், பிறகு படிப்படியாகச் செய்முறை. ஒவ்வொரு வாக்கியமும் 'ஊற்றவும்', 'திருப்பவும்' என்று முடிகிறது. இதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். பிறகு பலகையில் நீங்கள் எழுத, அவர்கள் சொல்லட்டும். ஒருவர் "மாவ ஊத்தணும்" என்பார். "எழுதும்போது எப்படி?" என்று கேட்டால் இன்னொருவர் "மாவை ஊற்றவும்" என்பார். "கல்லு சூடாகறதுக்கு முன்னாடியே ஊத்தலாமா?" என்று கேளுங்கள், 'கல் சூடான பிறகு' என்ற தொடர் பிறக்கும். அடுத்த வாரம் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு உணவு ஒன்றுக்குத் தனியே செய்முறை எழுதலாம். வெறும் தாளைப் பார்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு இப்போது அமைப்பும் தெரியும், சொற்களும் தெரியும், ஒரு முறை எழுதிப் பார்த்த தெம்பும் இருக்கும்.

இதே வழியில் நிலைக்கு நிலை வகைகளைப் பிரித்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்குப் படத்தின் கீழே ஒரு வரி, கடைப் பட்டியல், தாத்தா பாட்டிக்கு அஞ்சலட்டை. நடுநிலையில் செய்முறை, நடந்ததைச் சொல்லுதல், ஓர் இடத்தைப் பற்றிய விவரம். மேல்நிலையில் புத்தக மதிப்புரை, பள்ளி நிர்வாகத்துக்கு வேண்டுகோள் கடிதம், ஒரு கருத்தை நிறுவும் கட்டுரை. பொங்கலைப் பற்றியும் எழுதட்டும். ஆனால் வயலும் மாடும் புதுப்பானையும் உள்ள கட்டுரையை ஒப்பிக்க வேண்டாம். வெளியே பனி கொட்ட, அடுப்பில் குக்கர் வைத்து அம்மா பொங்கிய பொங்கலை எழுதட்டும். அது அந்தப் பிள்ளை கண்ணால் பார்த்த பொங்கல்.

அடுத்தது பிழை திருத்தம். இதில் ஆராய்ச்சியாளர்களிடையே பெரிய விவாதமே நடந்தது. இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, கெடுதிதான், விட்டுவிடுங்கள் என்று 1996-இல் ஜான் டிரஸ்காட் எழுதினார். அது மிகைப்பட்ட முடிவு, தேர்ந்தெடுத்துத் தெளிவாகத் திருத்தினால் பயன் உண்டு என்று 1999-இல் டேனா ஃபெரிஸ் பதில் கொடுத்தார். பிறகு நியூசிலாந்தில் ஜான் பிச்சனர் செய்த ஆய்வில், ஓரிரு குறிப்பிட்ட பிழைகளை மட்டும் எடுத்துத் திருத்தியபோது மாணவர்களிடம் முன்னேற்றம் தெரிந்தது, இரண்டு மாதம் கழித்தும் நிலைத்தது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: எல்லாவற்றையும் ஒரே தாளில் திருத்தாதீர்கள். மாதத்துக்கு இரண்டு பிழை வகையைத் தேர்ந்தெடுங்கள், அவற்றை மட்டும் திருத்துங்கள், பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எந்தப் பிழை முதலில்? பொருளைக் கெடுப்பது முதலில். ஆங்கிலத்தில் யோசிக்கும் பிள்ளை 'நான் பசிக்கிறேன்', 'நான் அது தெரியும்' என்று எழுதும். தமிழில் பசி, தெரிதல், பிடித்தல், வேண்டுதல், புரிதல், வலித்தல் எல்லாம் 'எனக்கு' என்று தொடங்க வேண்டும். இதற்கு ஒரு மாதம் முழுக்கக் கொடுத்தாலும் தகும். 'எனக்குப் பிடிக்கும் பீட்சா' என்ற ஆங்கிலச் சொல்வரிசையும் இந்த வகைப் பிழைதான். அடுத்து, நான் மேலே சொன்ன பேச்சு–எழுத்து மாற்றங்கள். அதற்கும் அடுத்தது மயங்கொலி. இதிலும் எல்லாம் ஒரே மாதிரி அல்ல. ந, ன குழப்பத்துக்கு விதி இருக்கிறது: சொல்லின் முதலிலும் த-வுக்கு முன்னாலும் ந, மற்ற இடங்களில் பெரும்பாலும் ன. ஒரே வகுப்பில் சொல்லிவிடலாம். ல, ள, ழ அப்படியல்ல. ஆங்கிலச் சூழலில் வளர்ந்த காதுக்கு லகரமும் ளகரமும் ஒன்றாகவே கேட்கும். அது படித்துப் படித்துத்தான் வரும், பொறுமை வேண்டும். வல்லினம் மிகும் இடங்களை மேல்நிலை வரை தொடவே வேண்டாம். தமிழ்நாட்டுப் பட்டதாரிகள் பலருக்கே தகராறாக இருக்கும் க், ச், த், ப்-புக்காகப் பத்து வயதுப் பிள்ளையின் தாளைச் சிவப்பாக்குவது நியாயமில்லை.

தாளின் ஓரத்தில் பிழையைப் பற்றி மட்டும் எழுதாமல், பிள்ளை சொன்ன விஷயத்துக்கு ஒரு வரி பதில் எழுதுங்கள். "உன் தம்பி இப்போது நன்றாக இருக்கிறானா?" என்ற ஒரு வரி போதும். தான் எழுதியதை ஒருவர் படித்திருக்கிறார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். 1985-இல் இரண்டாம் மொழி ஆசிரியர்களின் திருத்தங்களை ஆராய்ந்த ஜாமல், அவை பெரும்பாலும் மேலோட்டமான பிழைகளிலேயே நின்றன, ஒன்றுக்கொன்று முரணாகவும் இருந்தன என்று கண்டார். அன்று அவர் சொன்னது இன்று நம் வகுப்புக்கும் பொருந்துகிறது.

முதல் வரைவில் ஆங்கிலச் சொல் வந்தால் பதறாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவில் பேராசிரியரான சுரேஷ் கனகராஜா, தன் மாணவர்கள் பாடநூலின் ஓரங்களில் எழுதி வைத்திருந்தவற்றையும் வரைந்திருந்தவற்றையும் கூர்ந்து ஆராய்ந்தார். வகுப்பில் வாய் திறக்காதவர்களின் மொழியும் எண்ணமும் அந்த ஓரங்களில் இருந்தன. பல மொழி தெரிந்தவர் எழுதும்போது மற்ற மொழிகள் இடையூறு அல்ல, அவை அவரிடம் உள்ள கருவி என்பது அவர் தொடர்ந்து சொல்லிவரும் கருத்து. நம் பிள்ளைக்குச் 'சறுக்கு' என்ற சொல் வராவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போட்டுவிட்டு மேலே போகட்டும். வாக்கியம் தமிழாக இருந்தால் போதும். இரண்டாம் வரைவில் சொல்லைத் தேடித்தரலாம்.

மொழிபெயர்ப்புச் செயலி பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடத்தில் 'நான் ஒரு நல்ல நேரத்தைக் கொண்டிருந்தேன்' என்று ஒரு வரி வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியும். இப்போது வரும் செயலிகள் இதைவிட நன்றாகவே எழுதித்தரும், கண்டுபிடிப்பதும் கடினம். தடை போட்டு இதை வெல்ல முடியாது. எழுதும் வேலையை வீட்டிலிருந்து வகுப்புக்குக் கொண்டுவருவதே வழி. நம் கண்முன்னே பேசி, நம் கண்முன்னே எழுதிய ஐந்து வரி, வீட்டிலிருந்து வரும் இரண்டு பக்கத்தைவிட மதிப்புள்ளது.

படிப்பு இல்லாமல் எழுத்து வளராது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 1980-களின் தொடக்கத்தில் ஃபிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் ஓர் ஆய்வு நடத்தினார்கள். ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்ற பிள்ளைகளின் வகுப்புகளில் கதைப்புத்தகங்களை நிறையக் கொண்டுவந்து வைத்து, தினமும் படிக்கவிட்டார்கள். முதல் ஆண்டில் படிப்பிலும் கேட்டல் திறனிலும் மற்ற வகுப்புகளை அவர்கள் முந்தினார்கள். இரண்டாம் ஆண்டில் எழுத்திலும் அந்த முன்னேற்றம் தெரிந்தது. தமிழில் சிறுவர் நூல் இல்லை என்று இனிச் சொல்ல முடியாது. சென்னையின் தூலிகா பதிப்பகம் இருமொழிப் படநூல்கள் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. வகுப்புத் தொடங்கும் முதல் பத்து நிமிடம் ஆளுக்கொரு கதை படிக்கட்டும். தேர்வு வேண்டாம், கேள்வி–பதில் வேண்டாம்.

247 எழுத்தும் முடிந்த பிறகுதான் எழுதத் தொடங்க வேண்டும் என்ற எண்ணத்தையும் விடுங்கள். உயிர்க்குறிகளில் பெரும்பாலானவை எல்லா மெய்க்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். உகர, ஊகார வரிசைகள்தான் மெய்க்கு மெய் வடிவம் மாறும். தனிப்பயிற்சி அவற்றுக்குப் போதும். அம்மா, அப்பா, பாட்டி, மாமா என்ற நான்கு சொல் எழுதத் தெரிந்த பிள்ளை, தன் குடும்பப் படத்தை வரைந்து பெயர் எழுதலாம். ஐந்து வயதில் அதுதான் கட்டுரை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். வகுப்பில் இருபது நிமிடம் போதும், நான்கு வாரத்துக்கு ஒரு சுற்று. முதல் வாரம் பேச்சு: தலைப்பைப் பற்றி இருவர் இருவராகப் பேசட்டும். இரண்டாம் வாரம் மாதிரி பார்த்துப் பலகையில் சேர்ந்து எழுதுவது. மூன்றாம் வாரம் தனி வரைவு. நான்காம் வாரம் சுவர்த்தாளைப் பார்த்துத் திருத்தி, வகுப்பில் வாசிப்பது. ஆண்டுக்கு ஏழு சுற்று முடித்தாலும், பிள்ளை கையில் தானே எழுதிய ஏழு கட்டுரை இருக்கும். அவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வைத்து, ஆண்டு இறுதியில் முதல் கட்டுரையையும் கடைசிக் கட்டுரையையும் பெற்றோரிடம் அருகருகே காட்டுங்கள். எந்த மதிப்பெண் பட்டியலும் சொல்லாததை அது சொல்லும்.

எழுதியவை வகுப்போடு நின்றுவிடக் கூடாது. அஞ்சலட்டை உண்மையாகவே மதுரைக்கோ மட்டக்களப்புக்கோ போகட்டும். பத்துப் பிள்ளைகளின் செய்முறைகளைச் சேர்த்து ஒரு சமையல் கையேடு அச்சிடுங்கள். ஆண்டு மலரில் பெரியவர்களின் கவிதையைக் குறைத்துப் பிள்ளைகளின் பக்கங்களைக் கூட்டுங்கள்; பெற்றோர் எழுதிக்கொடுத்ததைத் தவிர்த்து, பிள்ளை எழுதியதை எழுதியபடி போடுங்கள்.

பாடத்திட்டக் குழுக்களில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். தேர்வு மாறாமல் வகுப்பு மாறாது. முன்கூட்டியே தலைப்புக் கொடுக்கும் கட்டுரைக் கேள்வியை எடுத்துவிடுங்கள். ஒரு படத்தையோ ஒரு சூழலையோ கொடுத்து எழுதச் சொல்லுங்கள். மதிப்பெண்ணில் பாதியைக் கருத்துக்கும் வரிசைக்கும் ஒதுக்குங்கள். அகராதியை அனுமதியுங்கள், சிங்கப்பூரில் தாய்மொழிக் கட்டுரைத் தாளுக்கு அனுமதிக்கப்பட்ட அகராதியைப் பயன்படுத்த விடுகிறார்கள். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிப் பாட மதிப்பலகுக்காகவும் (credit) இருமொழித் தகுதிச் சான்றுக்காகவும் நம் மாணவர்கள் எழுதும் தகுதித் தேர்வுகளும் முன்பின் பார்க்காத கேள்விக்குச் சொந்தமாக எழுதுவதைத்தான் அளக்கின்றன. மனப்பாடம் அங்கே கைவிட்டுவிடும்.

பெற்றோர் சிலர் இதைக் கேட்டுக் கவலைப்படலாம். "போன வருஷம் பிழையில்லாமல் எழுதினாளே, இப்போது இவ்வளவு பிழையா?" என்று கேட்பார்கள். போன வருடம் அவள் எழுதியது வேறொருவருடைய கட்டுரை, இது அவளுடையது என்று பொறுமையாகச் சொல்லுங்கள். சொந்தமாக எழுதும்போது முதலில் பிழை கூடத்தான் செய்யும். இரண்டாம் மொழி கற்பித்தவர்கள் எல்லோரும் பார்த்த உண்மை அது.

ஆசிரியர்களே, இந்த ஆண்டின் முதல் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுங்கள். கோடைவிடுமுறையில் நடந்த ஒன்றை, வீட்டில் எப்படிச் சொல்வார்களோ அப்படியே, தமிழ் எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். பிழை பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள், அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய், திருத்தாமல் முழுக்கப் படியுங்கள். அடுத்த முப்பது வாரம் எதைக் கற்பிக்க வேண்டும் என்பது அந்தத் தாள்களிலேயே இருக்கும்.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியர்